பன்னிரண்டாவது பெயர்

பிப்ரவரி 6

மதிப்பிற்குரிய முன்னாள் உதவிப் பயிற்சியாளர் அவர்களுக்கு,

என் மனைவியின் அண்ணன் என்ற முறையில் இதை உங்களுக்கு எழுதவில்லை. அந்த உறவு, மாதம் ஒரு முறை உங்கள் தெருமுனையில் காரை நிறுத்தி உங்கள் தங்கையை இறக்கிவிடுவதோடு சரி. பதினாறு ஆண்டுகளாக அப்படித்தான். போனில் பேசிவிடுங்களேன் என்றாள். பேசியதை நாளைக்கே இல்லை என்று சொல்லிவிடலாம். எழுதியதைச் சொல்ல முடியாது. ஆகவே கடிதம்.

விஷயம் இதுதான். ஜனவரி கடைசி ஞாயிறு, எங்கள் அரங்கில் கூடைப்பந்து லீக்கின் கடைசி ஆட்டம். ஆட்டத்துக்கு முன் ஸ்கோர் ஷீட்டில் பன்னிரண்டு வீரர்களின் பெயரும் ஜெர்சி எண்ணும் ஏறவேண்டும், பயிற்சியாளர் கையெழுத்திட வேண்டும், ஆட்டம் தொடங்கப் பந்து மேலே போய்விட்டால் அந்தத் தாளில் இல்லாதவன் ஆடவே முடியாது. இதை உலகத்தில் யாருக்கு விளக்க வேண்டியிருந்தாலும் உங்களுக்கு வேண்டியதில்லை. நான் பயிற்சியாளராகி இது பதின்மூன்றாவது ஆண்டு. அந்தப் பட்டியலை எந்த உதவியாளரையும் தொட விட்டதில்லை. என் கையால் எழுதுவேன், என் கையால் கொண்டுபோய்க் கொடுப்பேன். அதற்குக் காரணம் நீங்கள்.

அன்று நான் எழுதியதில் பதினோரு பெயர்கள்தான் இருந்தன. விட்டுப்போனவன் அணியின் மூத்தவன். ஏழடிக்கு இரண்டு விரல் குறைவு, ஆகவே எல்லோரும் அவனைக் ‘குட்டை’ என்று கூப்பிடுவார்கள். வயது முப்பத்தாறு. அது அவனுடைய முந்நூறாவது லீக் ஆட்டம், அதோடு ஓய்வு பெறுவதாக அறிவித்திருந்தான். அவன் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது குவார்ட்டரில் கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கத்த ஆரம்பித்தது. நான் தலையசைத்தேன். மேல்சட்டையைக் கழற்றிவிட்டு ஸ்கோர் எழுதும் மேசைக்குப் போனான், குனிந்து ஏதோ கேட்டான், திரும்பி வந்தான்.

“சார், என் நம்பர் ஷீட்டுல இல்லன்னு சொல்றாங்க.”

மீதி ஆட்டம் முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கழற்றியதை மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை. கணக்கு இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதோடு நின்றுவிட்டது.

நான் வேண்டுமென்றே செய்தேன் என்று அவன் புகார் கொடுத்திருக்கிறான். அதற்கு மூன்று நாள் முன்பு, உடைமாற்றும் அறையில் பேனர், கேக் என்று பேச்சு ஓடியபோது, “இது உன் பொறந்தநாள் விழா இல்ல, லீக் மேட்ச்” என்று நான் சொன்னதைப் பத்துப் பேர் கேட்டிருக்கிறார்கள். மார்ச் 2 விசாரணை. வேண்டுமென்றே செய்தது என்று முடிவானால் வேலை போகும், பயிற்சியாளர் உரிமமும் போகும். எனக்கு ஐம்பத்தொரு வயது. வேறு தொழில் கற்றுக்கொள்ளும் வயது இல்லை, வேறு தொழில் எனக்குத் தெரியவும் தெரியாது.

நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான். பட்டியல் எழுதும்போது ஒரு பெயர் கவனக்குறைவால் விட்டுப்போவது நடக்கக்கூடியதே என்றும், உங்கள் கையாலேயே அப்படி ஒருமுறை நடந்திருக்கிறது என்றும் விசாரணைக் குழுவுக்கு எழுதித் தரவேண்டும். பதினாறு ஆண்டுகளாக நீங்கள் சொல்லிவரும் அதே வாக்கியம், இந்த முறை கையெழுத்தோடு. நான் அதை ஒருநாளும் நம்பியதில்லை என்பது வேறு விஷயம். குழு நம்பினால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவர்

&nbsp;

பிப்ரவரி 11

மாப்பிள்ளை,

உறையில் இருந்த முகவரியைப் பார்த்ததும் வரி அலுவலகத்திலிருந்து ஏதோ வந்துவிட்டது என்று பயந்துவிட்டேன். என் முழுப்பெயரை அப்பா பெயரோடு சேர்த்து எழுதுகிற ஆள் வேறு யார்? உள்ளே உன் கையெழுத்தைப் பார்த்த பிறகு, வரி அலுவலகமாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

நீ, வா, போ என்றே எழுதுகிறேன். கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைக்கு ‘நீங்க’ போடவேண்டும் என்று வீட்டில் சொல்லிக் கொடுத்தார்கள். எதிரில் ஆள் இருந்தால் போடலாம். அதற்கு முன் எட்டு வருஷம் ஒரே அறையில் உன் குறட்டையைக் கேட்டவன் நான்.

நடந்ததைத் தங்கச்சி முன்பே சொல்லிவிட்டாள். அந்தப் பையனைப் பற்றிக் கேட்டபோது வருத்தமாக இருந்தது. பையன் என்கிறேன், முப்பத்தாறு. நமக்கு இந்த வியாதி போகாது.

ஒரு சந்தேகம். கோபித்துக்கொள்ளாதே. நீ எதையும் இரண்டு முறை எண்ணுகிறவன். பஸ்ஸில் ஏறினால் தலை எண்ணுவாய், இறங்கினால் பை எண்ணுவாய். ஃப்ரீ த்ரோ பயிற்சியில் நான் போட்டதையும் சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தவன். அன்றைக்குப் பட்டியலை எண்ணினாயா? குழு கேட்டால் என்ன சொல்வாய் என்று யோசித்து வைத்துக்கொள்.

கடிதம் கேட்டிருக்கிறாய். எழுதித் தருகிறேன். ஒரு வாரம் டைம் கொடு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை சனிக்கிழமை பந்து சொல்லிக் கொடுக்கிறேன், தெரியுமா? பத்து வயசு. கூடை வரைக்கும் பந்து போகாது, ஆனால் ஒவ்வொருத்தனும் போட்டதும் முஷ்டியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடுகிறான். உன் ஞாபகம்தான் வரும்.

மச்சான்

&nbsp;

பிப்ரவரி 14

உங்களுக்கு,

ஒரு வாரம் எதற்கு? உண்மையான வாக்கியத்தை எழுத ஒரு நிமிடம் போதும். பொய்யாக இருந்தால்தான் அதைத் துடைத்து மெருகேற்ற நாள் பிடிக்கும்.

நான் வெற்றிபெற்றதும் முஷ்டியைத் தூக்கினேன் என்று கேலி செய்கிறீர்கள். நான் எத்தனை முறை தூக்கினேன் என்பதும் எனக்குத் தெரியும். பத்தொன்பது வயதில் பட்டப்படிப்பை இரண்டாம் ஆண்டில் நிறுத்திவிட்டு ஆடப் போனேன், பிறகு ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் பஸ்ஸில் படித்து முடித்தேன், அதன்மேல் இன்னொரு பட்டமும் வாங்கினேன். பதினாறு வருடம், ஐந்து கிளப். இடது முழங்காலில் இரண்டு அறுவை சிகிச்சை. முதல் பத்து வருடம் தொடக்க ஐவரில் ஒருவன், பிறகு பெஞ்சிலிருந்து எழுந்துபோகிறவன். குறை சொல்லவில்லை. எழுந்துபோகிறவனுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஆனால் அந்தப் பதினாறு வருடத்தில் இறுதிப்போட்டி என்று ஒன்றே ஒன்றுதான் வந்தது. அப்போது எனக்கு முப்பத்தைந்து. நீங்கள் விளையாட்டை விட்டுவிட்டு நம் தலைமைப் பயிற்சியாளர் பெரியவருக்கு உதவிப் பயிற்சியாளராகியிருந்தீர்கள், பட்டியல் எழுதுவது உங்கள் வேலை.

மூன்றாவது குவார்ட்டரில் பெரியவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நானே எழுந்து போய்க் கேட்டேன். “சரி, போ” என்றார். மேசையில் இருந்தவர் தாளில் விரலை வைத்து மேலிருந்து கீழ் வரை இழுத்தார். பிறகு கீழிருந்து மேலே. “உங்க நம்பர் இல்லையே சார்” என்றார், ஏதோ திருமண வரவேற்பில் தப்பான மண்டபத்துக்கு வந்துவிட்டவனிடம் சொல்வது போல. இரண்டு புள்ளியில் தோற்றோம். குளியலறைக்குப் போகும் வழியில் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். “ஏதோ கை தவறிடுச்சுடா” என்றீர்கள்.

அன்று உங்கள் தாளில் பன்னிரண்டு பெயர் இருந்தது. வருடம் முழுக்க மைதானத்தில் கால் வைக்காத ஒரு புதுப்பையன் பெயர் என் இடத்தில் இருந்தது. கை தவறினால் ஒரு பெயர் விட்டுப்போகும், இன்னொரு பெயர் முளைக்காது. என் தாளில் இருந்தது பதினொன்று. ஒரு வரி வெறுமையாக இருந்தது. தவறுக்கும் செயலுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான், குழுவிடமும் அதைத்தான் சொல்லப்போகிறேன். உங்கள் கடிதத்தில் அந்தப் பன்னிரண்டாவது பெயரைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம்.

20-ஆம் தேதிக்குள் அனுப்புங்கள். இதில் எனக்கு எந்தப் பெருமையும் இல்லை.

&nbsp;

பிப்ரவரி 19

மாப்பிள்ளை,

குழுவுக்கான கடிதத்தை நேற்றுப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது. நீ கேட்டபடியே. கவனக்குறைவு, நடக்கக்கூடியது, எனக்கே நடந்தது, கீழே கையெழுத்து. அழகான கடிதம். என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் பொய்க் கடிதம்.

வாயால் சொல்வது வேறு. பதினாறு வருஷம் சொல்லிச் சொல்லி எனக்கே அது பழகிவிட்டது. காகிதத்தில் எழுதிப் பார்த்தபோது கை ஓடவில்லை. ஒரு வாரம் அதற்குத்தான். அந்தப் பொய்யை எழுதிவிட்டு, உனக்கு இன்னொன்றை எழுதாமல் இருந்தால் சரியாக இருக்காது.

அந்த இறுதிப்போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம், ஓட்டலில் பெரியவர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். சாக்ஸை மடித்துக்கொண்டே பேசினார், என் முகத்தைப் பார்க்கவில்லை. “அவன் உள்ள போனா பந்த எவனுக்கும் குடுக்க மாட்டான். கடைசி மேட்ச்சுன்னு ஹீரோ ஆகப் பாப்பான். கால் வேற ஒத்துழைக்கல. நான் உக்கார வெச்சா பேப்பர்ல என்னத் திட்டுவான். என் வாயால சொல்ல முடியாது. நீ பாத்துக்க.”

நான் பார்த்துக்கொண்டேன்.

இதில் அவர் மேல் பழி போட முடியாது. என்ன செய்யச் சொன்னார் என்று அவர் சொல்லவில்லை. அவர் சொன்னது சரி என்று எனக்கும் பட்டது, அதுதான் விஷயம். அந்த சீசன் முழுக்க நீ பந்தை வைத்துக்கொண்டு நின்றதை நான் பெஞ்சிலிருந்து பார்த்தேன். நீ இல்லாமல் ஜெயிப்போம் என்று நினைத்தேன். ஜெயித்திருந்தால் அன்றைக்கு இரவே உன்னிடம் சொல்லியிருப்பேன், நீயும் இரண்டு அடி அடித்துவிட்டுச் சிரித்திருப்பாய். தோற்றுப்போனோம். தோற்ற பிறகு எப்படிச் சொல்வது?

தங்கச்சிக்கு இது தெரியாது. சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

மச்சான்

&nbsp;

பிப்ரவரி 23

கிடைத்தது.

உங்கள் தங்கையிடம் கொடுத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு நின்றுகொண்டே படித்தாள். படித்துவிட்டு, “பதினாறு வருஷம் நீங்க சொன்னது சரிதான்னு ஆயிடுச்சு. இப்ப சந்தோஷமா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “அப்ப இனிமே காரைத் தெருமுனையில நிறுத்தறதா, இன்னும் நாலு தெரு தள்ளி நிறுத்தறதா?” என்றாள்.

இதற்கு மேல் எழுத எதுவும் இல்லை.

&nbsp;

மார்ச் 3

உங்களுக்கு,

நேற்று நடந்ததை வேறு யாரோ சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே எழுதிவிடுவது முறை.

அரங்கின் மாடியில் இருக்கும் அலுவலக அறையில் விசாரணை. அறைக்கு ஒரு பெரிய ஜன்னல், அதன் வழியே கீழே மைதானம் தெரியும். கோப்பை வைக்கும் அலமாரியில் தேநீர்க் கோப்பைகள் இருந்தன, எங்கள் கிளப் வாங்கிய கோப்பைகளுக்கு அவ்வளவு இடம் தேவைப்படவில்லை. மூன்று பேர். கிளப் செயலாளர், லீக்கிலிருந்து வந்த ஒரு வழக்கறிஞர் அம்மா, முன்பு நடுவராக இருந்த ஒருவர். எதிரில் குட்டை. அவனுக்கு ஏற்ற நாற்காலி அந்தக் கட்டடத்தில் கிடையாது, முழங்கால் மேசைக்கு மேல் தெரிந்தது.

நான் பதினோரு பெயர், வெற்று வரி என்று என் வாதத்தைச் சொன்னேன். செயலாளர் உங்கள் கடிதத்தைப் படித்தார். நன்றாக எழுதியிருந்தீர்கள். வழக்கறிஞர் அம்மா தலையை ஆட்டிக்கொண்டு, “அனுபவப்பட்டவர் சொல்றார்” என்று குறித்துக்கொண்டார். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

நான் உங்களுடைய மற்றக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். ஏன் கொண்டுபோனேன் என்று கேட்டால் தெரியாது. ‘எனக்கே நடந்தது, கவனக்குறைவு’ என்ற வரி அந்த அறையில் உண்மையாகப் பதிவாவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்தேன். “அந்த லெட்டர் பொய்” என்றேன். செயலாளர், “சார், அது உங்களுக்குச் சாதகமான லெட்டர்” என்றார், மெதுவாக, எனக்குப் புரியவில்லை என்று நினைத்து. நான் மற்றதை எடுத்து முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். ஓட்டல் அறை, சாக்ஸ், ‘நான் பார்த்துக்கொண்டேன்’, எல்லாம். பதினாறு வருடமாக எனக்கு ஒரு விசாரணை கிடைக்கவில்லை. கிடைத்தது வேறொருவனுடையது என்பதை நான் அப்போது பொருட்படுத்தவில்லை.

என்னை நானே கவிழ்த்துக்கொண்டேன் என்பது உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. பட்டியலில் ஒரு பெயரை வேண்டுமென்றே விடலாம், விட்டிருக்கிறார்கள் என்று குழுவுக்கு நானே நிரூபித்துக் காட்டியிருந்தேன்.

ஆனால் நடந்தது வேறு. முன்னாள் நடுவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இத அனுபவிச்ச மனுஷன் இன்னொருத்தனுக்கு இதச் செய்வாரா?” என்றார். வழக்கறிஞர் அம்மா, தனக்குச் சாதகமான சாட்சியைத் தானே பொய் என்று சொல்கிறவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது என்றார். கால் மணி நேரம் வெளியே நிற்கச் சொன்னார்கள். புகார் தள்ளுபடி. வேலை இருக்கிறது, உரிமம் இருக்கிறது.

படியில் இறங்கும்போது குட்டை பின்னாலேயே வந்தான். “சார், எனக்கு இது தெரியாது சார். நீங்களும் அப்படி உக்காந்திருக்கீங்கன்னு தெரியாது. நான் கம்ப்ளெய்ன்ட் குடுத்திருக்கக் கூடாது. மன்னிச்சுக்கங்க” என்று சொல்லி இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் அம்மா கீழே வாசலில் நின்றிருந்தார். அவரும் கும்பிட்டார்.

தகவலுக்காக எழுதினேன்.

&nbsp;

மார்ச் 9

மாப்பிள்ளை,

படித்தேன். கோபம் இல்லை. உன் சட்டைப் பையில் அது இருந்தால் என்றைக்காவது வெளியே வரும் என்று தெரிந்துதான் எழுதினேன். இவ்வளவு சீக்கிரம் வரும் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் செயலாளருடைய மனைவி இங்கே பள்ளிக்கூட நிர்வாகத்தில் இருக்கிறாள். நேற்று முன்தினம் தலைமையாசிரியை கூப்பிட்டார். சுற்றி வளைத்துப் பேசினார். பிள்ளைகளுக்கு விளையாட்டு சொல்லிக் கொடுக்கிறவர்மேல் ஒரு பேச்சு இருக்கக் கூடாது இல்லையா என்றார். சரிங்கம்மா என்று விசிலையும் சாவியையும் கொடுத்துவிட்டு வந்தேன். சனிக்கிழமை காலையில் ஏழு மணிக்கே முழிப்பு வந்துவிடும், அதுதான் தொல்லை.

இதை உன்மேல் பழி போடுவதற்காகச் சொல்லவில்லை. தங்கச்சி எப்படியும் சொல்வாள். அவள் அழுதுகொண்டு சொல்வாள், நான் சும்மா சொல்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ ஜெயித்திருக்கிறாய். பழைய கேஸ், புது கேஸ், இரண்டும். உன்னை எனக்குத் தெரியும், ஜெயித்தால் நாலு பக்கம் எழுதுவாய். அந்தப் பையன் கையைப் பிடித்தான் என்கிற இடத்தில் கடிதத்தை முறித்துவிட்டு ‘தகவலுக்காக எழுதினேன்’ என்கிறாய். போன மாதம், பட்டியலை எண்ணினாயா என்று ஒரு கேள்வி கேட்டேன். அதற்கும் நீ பதில் எழுதவில்லை.

எழுதவேண்டாம் என்றால் எழுதாதே. நான் மறுபடி கேட்கமாட்டேன்.

மச்சான்

&nbsp;

மார்ச் 15

மச்சான்,

கீழே இருப்பது ஒரு கடிதத்தின் நகல். அசலை இன்று காலை குட்டைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அதை அவன் யாரிடம் வேண்டுமானாலும் படித்துக் காட்டலாம் என்று தனியாகவும் ஒரு வரி எழுதியிருக்கிறேன். தள்ளுபடியான புகாரைப் புதுச் சாட்சியம் கிடைத்தால் மறுபடி எடுக்கலாம், விதிமுறையில் இருக்கிறது. பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

உங்கள் பள்ளித் தலைமையாசிரியைக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். பயன் இருக்குமா தெரியாது. ஒரு பயிற்சியாளரைப் பற்றி இன்னொரு பயிற்சியாளர் சொல்வது இப்போது எந்த அளவுக்கு எடுபடும் என்று எனக்குச் சந்தேகம்.

இனி நகல்.

‘படியில் நீ என் கையைப் பிடித்தபோது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நீ பிடித்திருந்த கையை உருவிக்கொண்டு நேரமாகிவிட்டது என்றேன்.

பட்டியலை எழுதும்போது உன் பெயர் விட்டுப்போனது கவனக்குறைவுதான். மாடி அலுவலக அறையில் உட்கார்ந்து எண் வரிசைப்படி எழுதிக்கொண்டு வந்தேன், உன் வரி வந்தபோது கீழே மைதானத்தில் கைதட்டல் கேட்டது, நிமிர்ந்து பார்த்தேன். வார்ம் அப் நடந்துகொண்டிருந்தது. நீ போட்டது உள்ளே போயிருந்தது. உன் ஊர்க்காரர்கள் பேனரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பக் குனிந்தபோது அடுத்த எண்ணை எழுதினேன். அதுவரை தவறு. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

தாளைக் கொண்டுபோய் மேசையில் கொடுத்தேன். அன்று ஸ்கோர் எழுதியது ஒரு கல்லூரிப் பெண். தற்காலிகமாக வந்தவள், விசாரணைக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை, கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவள் பெயர்களை ஒவ்வொன்றாகப் பெரிய தாளில் ஏற்றினாள். கையெழுத்துக்காக என் பக்கம் திருப்பினாள். கடிகாரத்தில் இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. ஒரு பெயர் எழுதப் பத்து நொடி போதும்.

அவள் ஒன்று கேட்டாள். பிறகு ஆட்டத்தில் கூட்டம் உன் பெயரைக் கத்தியதே, நான் தலையசைத்து உன்னை எழுப்பி அனுப்பினேனே, அப்போது நீ எங்கே போய் நிற்கப்போகிறாய் என்பது எனக்குத் தெரியும். அவள் கேட்டதற்கு நான் சொன்ன பதிலை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

“சார், பதினொண்ணுதானா?”

“பதினொண்ணு போதும்மா.”’

மாப்பிள்ளை